விலைப்புள்ளியில் இல்லாத தூசி

சிஎன்சி ரூட்டர் வைத்திருக்கும் மரத் தொழிற்கூடங்களுக்கு: தூசி அகற்றும் டூல் ஹோல்டரைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் சமையலறை அலமாரிகள் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றை நடத்துபவர் நம் வாடிக்கையாளர். சிஎன்சி ரூட்டர் வாங்க நம்மிடம் தவணைக் கடன் பெற்றிருந்தார். முதல் ஆண்டு தவணைகள் தவறாமல் வந்தன. இரண்டாம் ஆண்டில் இரு தவணைகள் தாமதமாயின. அந்த நிலையில்தான் அவர் மீண்டும் கிளைக்கு வந்து, பெரிய தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்க மேலும் கடன் வேண்டுமென்று விண்ணப்பித்தார்.

காரணம் கேட்டோம். அவர் செய்து கொடுத்த அலமாரிக் கதவுகளில் விளிம்புப் பட்டை சில வாரங்களிலேயே பெயர்ந்து வருவதாகக் கூறி, பெரிய கொள்முதலாளர் ஒருவர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். பலகையை வெட்டியபின் விளிம்பில் நுண்ணிய தூள் படிந்திருந்தால் பசை பலகையைப் பற்றாது, தூளைத்தான் பற்றும். “தூசியை அடக்கினால்தான் சார் இந்தத் தொழிலில் நிற்க முடியும்” என்றார் அவர்.

தொழிற்கூடத்தைப் பார்வையிடச் சென்றபோது அவர் சொன்னதைவிட நிலைமை கடினமாக இருந்தது. ஒவ்வொரு பலகை வெட்டி முடிந்ததும் இயந்திரத்தை இயக்கும் இளைஞர் காற்றுக் குழாயால் மேசையை ஊதிக்கொண்டிருந்தார். அறை முழுவதும் மஞ்சள் மூட்டம். நாம் அங்கு நின்ற அரை மணி நேரத்தில் அவர் பலமுறை இருமினார்.

நம் கோப்பையும் அன்று மாலை எடுத்துப் பார்த்தோம். முதல் கடனுக்காக அவர் தந்த விலைப்புள்ளியில் இயந்திரம், வேக்கம் பம்ப், மின் நிலைப்படுத்தி, போக்குவரத்து, நிறுவுதல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருந்தது. தூசிக்கென ஒரு வரியும் இல்லை. எல்லா வரிகளையும் கூட்டிச் சரிபார்த்த நாம், விடுபட்ட வரியைக் கவனிக்கத் தவறியிருந்தோம். அந்தத் தவறிலிருந்து நாம் கற்றதே இக்கட்டுரை.

தூசி ஏன் வெறும் குப்பை அன்று

மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது. மூக்கிலும் அதை ஒட்டிய எலும்பறைகளிலும் தோன்றும் புற்றுநோய் இதனுடன் தொடர்புடையது. எம்டிஎஃப் பலகையின் தூள் மரத்தூளைவிட மென்மையானது. பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினும் அதில் கலந்திருக்கும். ஃபார்மால்டிஹைடும் அதே முதல் பிரிவைச் சேர்ந்ததுதான். கண்ணுக்குத் தெரியும் சீவல் தரையில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் செல்லும். காற்றுக் குழாயால் ஊதுவது அடங்கிக் கிடந்த தூளை மீண்டும் மூச்சுக்குள் அனுப்பும் வேலையே.

தூசியால் தீப்பற்றும் அபாயமும் உண்டு. மழுங்கிய பிட் மரத்தைக் கருக்கும்; பலகையில் மறைந்திருக்கும் ஆணியில் பட்டால் பொறி பறக்கும். அந்தக் கங்கு உறிஞ்சு குழாய் வழியே தூள் நிறைந்த பையைச் சென்றடைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் கலந்த நுண்ணிய மரத்தூள் வெடிக்கவும் கூடும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 14-ஆம் பிரிவில் தூசியைப் பற்றிப் பேசியது. வெளியேற்றும் கருவி தேவைப்படும் இடத்தில், அது தூசி பிறக்கும் இடத்துக்கு இயன்றவரை அருகில் அமைய வேண்டும். அந்த இடம் இயன்றவரை மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மரத் தொழிற்கூடத்துக்கு இதைவிடச் சிறந்த பொறியியல் அறிவுரை இல்லை. அறையின் மூலையில் எத்தனை பெரிய உறிஞ்சு இயந்திரத்தை வைத்தாலும், பிட் மரத்தைத் தொடும் அந்த ஒரு புள்ளியில் தூளைப் பிடிக்காவிட்டால் பயன் குறைவு. தூசி அகற்றும் டூல் ஹோல்டர் என்ற எண்ணம் பிறந்ததும் அந்தப் புள்ளியில்தான்.

அது என்ன பொருள்?

ரூட்டரின் ஸ்பிண்டிலில் நேரடியாகப் பிட்டைப் பொருத்துவதில்லை. ஸ்பிண்டிலுக்குள் ஹோல்டர் அமரும், ஹோல்டரின் முனையில் கோலட், அதனுள் பிட், கோலட்டை இறுக்க ஒரு நட். இந்த நட்டைச் சுற்றியோ ஹோல்டரின் உடலைச் சுற்றியோ விசிறி இதழ்களை அமைத்தால், ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 முறை சுழலும்போது இதழ்களும் அதே வேகத்தில் சுழன்று காற்றோட்டத்தை உண்டாக்கும். தனி மோட்டாரோ மின் இணைப்போ காற்றுக் குழாயோ தேவையில்லை.

இவற்றில் இரு வகைகள் உண்டு. விற்பனையாளர் இரண்டையும் விசிறி என்றே சொல்லக்கூடும் என்பதால் வேறுபாட்டை அறிந்துகொள்வது அவசியம்.

முதல் வகை காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவது. வெட்டுத்தடத்தில் தங்கும் தூளை ஊதி வெளியேற்றும். பிட்டின் சூட்டையும் தணிக்கும். ஆனால் ஊதப்பட்ட தூள் எங்காவது சென்றாக வேண்டும். ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள பிரஷ் மூடி முழுமையாக இருந்து, உறிஞ்சும் விசையும் போதுமானதாக இருந்தால் அது மூடிக்குள் பிடிபடும். மூடி தேய்ந்திருந்தாலோ திறந்த அமைப்பாக இருந்தாலோ, இந்த நட் மேசையைச் சுத்தமாக்கி அறையை அழுக்காக்கும்.

இரண்டாம் வகை காற்றை மேல்நோக்கி இழுப்பது. தூளையும் சீவலையும் வெட்டுத்தடத்திலிருந்து தூக்கி மூடிக்குள் சேர்க்கும். நாள் முழுவதும் எம்டிஎஃப், துகள் பலகை ஆகியவற்றை வெட்டும் கூடத்துக்கு இதுவே ஏற்றது. பொதுவாக விலை கூடுதல், பருமனும் கூடுதல்.

இரண்டு வகைக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. விசிறி தூசியை நகர்த்தும், அகற்றாது. அகற்றுவது உறிஞ்சு இயந்திரத்தின் வேலை. உறிஞ்சு இயந்திரமே இல்லாத கூடத்தில் விசிறி நட் வாங்குவது, வடிகால் இல்லாத வீட்டில் தரையைக் கழுவுவது போன்றது.

வாங்கும் முன் செலவில்லாத மூன்று சோதனைகள்

பீன்யா தொழிற்கூடத்துக்கு நம்முடன் இயந்திரப் பராமரிப்பில் அனுபவமுள்ள தொழில்நுட்பர் ஒருவரும் வந்திருந்தார். அவர் புதிய பொருள் எதையும் பரிந்துரைக்கும் முன் மூன்றைப் பார்த்தார்.

முதலாவது, பிட் நகரும் வேகம். ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று; பிட்டுக்கு இரண்டு வெட்டுமுனை. ஆக நிமிடத்துக்கு 36,000 வெட்டு. பிட் நிமிடத்துக்கு 6 மீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு வெட்டின் அளவு 0.17 மி.மீ. மட்டுமே. அது சீவல் அன்று, மாவு. நிமிடத்துக்கு 15 மீட்டராக உயர்த்தினால் 0.42 மி.மீ. கிடைக்கும். பிட் உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் மெதுவாக ஓட்டும் பழக்கம் பல கூடங்களில் உள்ளது. மெதுவாக ஓட்டினால் தூசி பெருகும், பிட் சூடாகும், விரைவில் மழுங்கும். பிட் தயாரிப்பாளரின் அட்டவணையில் உள்ள வேகத்துக்குப் படிப்படியாகக் கொண்டு செல்வதே சரி. தடித்த சீவலைப் பிடிப்பது நுண்தூளைப் பிடிப்பதைவிட எளிது.

இரண்டாவது, பிரஷ் மூடி. அங்கிருந்த மூடியின் மயிர்கள் ஒரு பக்கம் முழுதும் தேய்ந்து, பலகைக்கும் மூடிக்கும் இடையே இரு விரல் இடைவெளி இருந்தது. உறிஞ்சும் விசையின் பெரும்பகுதி அந்த வழியே வீணாகிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, குழாயில் காற்றின் வேகம். உலர்ந்த மரத்தூள் குழாயில் படியாமல் செல்ல, காற்று விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டுமென்பது நடைமுறையிலுள்ள அளவு. 150 மி.மீ. குழாய்க்கு இது மணிக்குச் சுமார் 1,270 கன மீட்டர் காற்று, 200 மி.மீ. குழாய்க்குச் சுமார் 2,260 கன மீட்டர். ஒரே உறிஞ்சு இயந்திரம் ரூட்டர், அறுவை மேசை, விளிம்புப் பட்டை ஒட்டும் இயந்திரம் ஆகிய மூன்றுக்கும் இணைக்கப்பட்டு, மூன்றின் அடைப்பு வாயில்களும் எப்போதும் திறந்தே கிடந்தன. ஓடாத இரு இயந்திரங்களின் வாயில்களை மூடியதும் ரூட்டர் மூடியில் இழுவை கூடியதைக் கையாலேயே உணர முடிந்தது.

இம்மூன்றையும் செய்தபின் எஞ்சியது வெட்டுத்தடத்தின் ஆழத்தில் தங்கும் தூள்தான். விசிறி நட்டின் வேலை அந்த எச்சத்துக்கே உரியது.

தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

ஹோல்டரும் மரையும். உங்கள் ஸ்பிண்டில் ஐஎஸ்ஓ30 வகையா, எச்எஸ்கே 63எஃப் வகையா என்பதை இயந்திரக் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். விசிறி நட் மட்டும் வாங்குவதாயின் கோலட்டின் வகையையும் மரையின் அளவையும் எழுத்தில் கேளுங்கள். ஈஆர்32 நட்டின் மரை எம்40×1.5, ஈஆர்40 நட்டின் மரை எம்50×1.5, மர ரூட்டர்களில் பரவலாகக் காணப்படும் எஸ்ஒய்ஓஇசட்25 நட்டின் மரை எம்48×2. கண்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

உச்ச வேகமும் சமநிலையும். விசிறி நட்டின்மீது பொறிக்கப்பட்ட உச்ச சுழல்வேகம் உங்கள் வேலையில் பயன்படும் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். சமநிலைச் சான்றையும் கேட்டுப் பெறுங்கள், ஜி2.5 தரம், இத்தனை சுற்றில் சோதிக்கப்பட்டது என்று அது குறிப்பிட வேண்டும். சமநிலைக் குறைவால் எழும் விசை வேகத்தின் இருமடி அளவில் வளரும். 9,000 சுற்றில் தெரியாத அதிர்வு 18,000 சுற்றில் நான்கு மடங்காகி ஸ்பிண்டிலின் பேரிங்கைத் தின்னும். நட்டில் மிச்சப்படுத்திய தொகையைவிட ஸ்பிண்டில் பழுதுக்குப் பல மடங்கு செலவாகும். இதழ் ஒன்று உடைந்த நட்டை ஒட்டவைத்து ஓட்டுவது உயிராபத்து. அதை மாற்றிவிட வேண்டும்.

எடையும் விட்டமும். தானாகப் பிட் மாற்றும் இயந்திரங்களில் ஒவ்வொரு இருக்கைக்கும் எடை வரம்பும் விட்ட வரம்பும் உண்டு. அகலமான விசிறி பக்கத்து ஹோல்டரை இடிக்கலாம்; அடுத்த இருக்கையைக் காலியாக விட நேரலாம். பிரஷ் மூடியின் உட்புறத்தில் விசிறி சுழல இடமிருக்கிறதா என்பதையும் அளந்து பாருங்கள்.

வேலையின் தன்மை. வேக்கம் மேசையில் தட்டையான பலகைகளை வெட்டும் கூடத்தில் விசிறி மோத ஒன்றும் இருக்காது. ஜோத்பூர், சகாரன்பூர் போன்ற ஊர்களில் நடப்பதைப் போலத் திட மரத்தைப் பற்றுக்கட்டைகளால் இறுக்கிச் செதுக்கும் கூடமாயின், அகன்ற விசிறி பற்றுக்கட்டையில் மோதும் அபாயம் உண்டு. ஆழமாகச் செதுக்கும் வேலைக்கும் இதே இடர். அத்தகைய கூடத்துக்கு நல்ல பிரஷ் மூடியே போதுமானதாக இருக்கலாம்.

சிறு துண்டுகள். இது பலரும் வாங்கியபின் அறியும் செய்தி. வெட்டுத்தடத்தில் தூள் அடைந்திருக்கும்போது அது காற்றுக் கசிவை ஓரளவு தடுத்து, மேசையின் பிடிக்கு உதவிக்கொண்டிருக்கும். விசிறி தடத்தைச் சுத்தமாக்கியதும் அந்த வழியே காற்று கசியும். சிறு துண்டுகளின் பிடி தளரலாம். வேக்கம் பம்பின் திறன் விளிம்பில் இருக்குமானால், முதல் ஓட்டத்தில் அடியில் மெல்லிய படலம் விட்டு வெட்டி, இரண்டாம் ஓட்டத்தில் அதை நீக்கும் முறையைக் கையாளலாம். நேரம் சற்றுக் கூடும், துண்டு பறக்காது.

கோலட்டின் வயது. தேய்ந்த கோலட்டில் புது விசிறி நட் பொருத்துவதில் பொருளில்லை. கோலட்டை 400 முதல் 600 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுமாறு தயாரிப்பாளர்கள் பலர் அறிவுறுத்துகின்றனர். நட்டை முறுக்குவிசை அளக்கும் ஸ்பேனரால் இறுக்குவதும், பிட் மாற்றும்போதெல்லாம் கோலட்டைத் துடைப்பதும் வழக்கமாக வேண்டும்.

வணிகக் கணக்கு

இனி நமக்குப் பழகிய பகுதி. கீழுள்ள எண்கள் முறையை விளக்குவதற்கு மட்டுமே. உங்கள் கூடத்தின் எண்களை இட்டுப் பாருங்கள்.

நாளொன்றுக்கு 24 பலகைகள் வெட்டப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பின் மேசையைத் துடைக்க 3 நிமிடம் ஆகிறது எனக் கொள்வோம். நாளுக்கு 72 நிமிடம் இயந்திரம் நிற்கிறது. விசிறி நட் அதை 1 நிமிடமாகக் குறைத்தால் நாளுக்கு 48 நிமிடம் மிஞ்சும். 25 வேலை நாளுக்கு 20 மணி நேரம். இயந்திரத்தின் ஒரு மணி நேர வருவாய் 600 ரூபாய் என்றால் மாதம் 12,000 ரூபாய். இரு விசிறி நட்டுகள், கோலட்டுகள் ஆகியவற்றுக்கு மொத்தம் 60,000 ரூபாய் ஆகுமானால், ஐந்து மாதங்களில் முதல் திரும்பும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மிஞ்சிய 20 மணி நேரத்தை நிரப்ப வேலை இருக்க வேண்டும். ஆர்டர் இல்லாத கூடத்தில் மிச்சப்பட்ட நேரம் வருவாய் ஆகாது. அத்தகைய கூடம் இச்செலவைத் திரும்பி வரும் சரக்கின் குறைவாலும், பிட்டின் கூடுதல் ஆயுளாலும் மட்டுமே நியாயப்படுத்த வேண்டும். எனவே முதலில் ஒரே ஒரு நட் வாங்கி, ஒரு மாதம் துடைக்கும் நேரம், பிட் மாற்றிய நாள், திருப்பப்பட்ட கதவுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அந்த நோட்டு கிளை மேலாளருக்கு எந்தத் திட்ட அறிக்கையையும்விட நன்றாகப் பேசும்.

கடன் கேட்கும்போது உறிஞ்சு இயந்திரம், குழாய்கள், அடைப்பு வாயில்கள், மண் இணைப்பு ஆகியவற்றை இயந்திரத்துடன் சேர்த்தே திட்டச் செலவில் காட்டுங்கள். அவை தவணைக் கடனுக்கு உரியவை. அடிக்கடி மாறும் பிட், கோலட் முதலியன நடைமுறை மூலதனத்தில் அடங்கும். பிணையாகத் தரச் சொத்து இல்லாதவர்களுக்கு, மத்திய அரசும் சிட்பியும் இணைந்து 2000-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளையின் திட்டம் உதவும். முத்ரா திட்டத்தில் தருண் பிரிவுக் கடனைப் பெற்று முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை கடன் பெறும் வாய்ப்பை 2024-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. எதற்கும் உத்யம் பதிவு கையில் இருப்பது நன்று.

வரியிலும் ஒரு பயன் உண்டு. 1962-ஆம் ஆண்டின் வருமான வரி விதிகள் பொதுவான இயந்திரங்களுக்கு 15 விழுக்காடு தேய்மானம் அனுமதித்தன. காற்று மாசைக் கட்டுப்படுத்தும் கருவிகளின் பட்டியலில் இடம்பெற்ற தூசி சேகரிக்கும் அமைப்புகளுக்கோ 40 விழுக்காடு. இரண்டும் ஒரே தொகையாக ஒரே விலைப்பட்டியலில் வந்தால் இந்த வேறுபாட்டைக் காட்ட இயலாது. தனித்தனி வரியாகப் பெற்று, நடப்பு விகிதத்தை உங்கள் கணக்குத் தணிக்கையாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இயந்திரத்தை இயக்குபவருக்குப் பயிற்சி அளிக்கும் செலவையும் ஒதுக்குங்கள். பெங்களூரு மல்லேஸ்வரத்திலுள்ள மர அறிவியல் தொழில்நுட்பக் கழகம் நவீன மரவேலை இயந்திரங்களில் பயிற்சி அளிக்கிறது. நகரும் வேகத்தைப் புரிந்துகொண்ட ஒருவர் பாதித் தூசியைப் பிறக்கும் முன்பே தடுத்துவிடுவார்.

பீன்யாவில் நடந்தது

நம் வாடிக்கையாளர் கேட்ட பெரிய இயந்திரத்துக்கான கடனை நாம் உடனே வழங்கவில்லை, மறுக்கவும் இல்லை. முதலில் பிரஷ் மூடியை மாற்றினார். வெட்டும் வேகத்தைப் படிப்படியாக உயர்த்தினார். நெகிழிக் குழாய்களில் நிலைமின்சாரம் சேராதிருக்க மண் இணைப்புக் கொடுத்தார். மேல்நோக்கி இழுக்கும் வகை ஹோல்டர் ஒன்றைச் சோதனைக்கு வாங்கினார். மூன்று மாதக் குறிப்புகளுடன் அவர் மீண்டும் வந்தபோது, முன்பு கேட்டதில் பாதிக்கும் குறைவான தொகையே போதுமென்று அவரே சொன்னார். அந்தத் தொகையில் ரூட்டருக்கு மட்டும் தனியான உறிஞ்சு இயந்திரம் அமைந்தது. தவணைகள் ஒழுங்குக்கு வந்தன. திருப்பி அனுப்பிய கொள்முதலாளர் சிறிய ஆர்டர் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கிறார்.

கடன் அனுமதிக் கடிதத்தை வாங்கிக்கொண்டவரிடம் அந்த இளைஞரைப் பற்றிக் கேட்டோம். நுரையீரல் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், காற்றுக் குழாயைக் கழற்றிப் பூட்டி வைத்துவிட்டதாகவும் சொன்னார். இருமல் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. மருத்துவர் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்.

மர இயந்திரங்களுக்கான விண்ணப்பம் எதுவாயினும், இப்போது நம் கிளையில் விலைப்புள்ளியைப் படிக்கும்போது தூசிக்கான வரி எங்கே என்று முதலில் தேடுகிறோம். அது இல்லையென்றால் விண்ணப்பதாரரிடம் கேட்கிறோம். உங்கள் விலைப்புள்ளியை எங்களிடம் கொண்டுவரும் முன் நீங்களும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.